பதின்மூன்று கிலோப் பெட்டி

நேற்றுப் பின்னேரம் நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. சின்னவள் அழுதுகொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பெரியவன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்குச் சுடுகிறது. நடந்தது இவ்வளவுதான்: என்னுடைய பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள வட்டத் துளைக்குள் சின்னவள் தன் பள்ளிக்கூடக் காலுறையைத் திணித்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பல்லி உள்ளுக்குப் போயிருமப்பா, அதான் அடைச்சன்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

பிள்ளைகள், உங்கள் இரண்டு பேருக்கும் காரணம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும், உங்கள் அம்மாவும் குறுக்கே வருவா. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். பெரிய மாமா வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை என்று நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் பெரிய மாமா, அம்மாவின் மூத்த அண்ணன், ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர். நான் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். நான் அவருடைய தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எங்கள் கரையில் ஒரு இசைக்குழு இருந்தது. மாமா லீடர், கிட்டார் வாசிப்பார். நான் பேஸ். டிரம்ஸ் ஒருவர், கீபோர்ட் ஒருவர், பாடுகிறவர் ஒருவர். கற்பிட்டிப் பக்கம் கலியாண வீடு, சிலாபத்தில் மண்டபம், எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் மாதா கோவில் திருநாள். தமிழ்ப் பாட்டும் சிங்களப் பாட்டும் கலந்து வாசிப்போம். சனம் பாடுகிறவரைப் பார்க்கும், டிரம்ஸுக்குக் கை தட்டும். பேஸை யாரும் பார்ப்பதில்லை. அது நெஞ்சுக்குழியில் போய் இடிக்கிற சத்தம். நின்று போனால்தான் ஏதோ குறைகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சத்தம் வெளியே வர ஒரு பெட்டி வேண்டும். எங்கள் குழுவின் பேஸ் பெட்டியை மாமாதான் கட்டினார். வள்ளத்துக்குப் போடுகிற தடித்த பலகை, உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் பூச்சு, நான்கு ஸ்பீக்கர், முன்னால் இரண்டு துளை. கடலில் இறக்கப்போகிற மாதிரிக் கட்டியிருந்தார். ஒருநாள் ஐஸ் கம்பனித் தராசில் ஏற்றிப் பார்த்தோம். ஐம்பத்தெட்டுக் கிலோ. மாமாவுக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு பெருமை. போகிற இடமெல்லாம் பெட்டியைத் தட்டித் தட்டிச் சொல்லுவார்: "ஐம்பத்தெட்டு! இப்பிடி ஒண்டு கொழும்பிலயும் இல்ல."

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பெட்டியை அவரவர்தான் தூக்க வேண்டும். மற்றவன் சாமானில் கை வைப்பது மரியாதை இல்லை. கீபோர்ட்காரர் தன்னுடையதைப் பாய் மாதிரிக் கக்கத்தில் செருகிக்கொண்டு வருவார். பாடுகிறவருக்கு ஒரு மைக். எனக்கு ஐம்பத்தெட்டுக் கிலோ. பதினாறு வருடம் தூக்கினேன். முறைப்பாடு சொன்னதில்லை.

சிலாபத்தில் ஒரு மண்டபத்துப் படியில் ஏறும்போது நாரிக்குள், இடுப்புக்கு மேல் முதுகில், ஏதோ பிடி விட்டது. படம் எடுத்துப் பார்த்த டொக்டர் தன் விரலாலேயே காட்டினார். முள்ளந்தண்டில் ஒரு தட்டு வெளியே தள்ளி நிற்கிறதாம். "பதினைஞ்சு கிலோவுக்கு மேல தூக்கப்படாது. இன்னொருக்கா இப்பிடி வந்தா, கால் மரத்துப் போகும்" என்றார். எஞ்சின் தூக்க எனக்குச் சங்கிலிக் கப்பி இருக்கிறது. கலியாண வீட்டுக்குக் கப்பி கொண்டுபோக ஏலுமா?

மாமாவிடம் சொன்னேன். அவர் வள்ளத்தின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"தூக்க ஏலாட்டி என்ன செய்யிறது மச்சான்? கீபோர்ட்டில இடது கையால பேஸ் அடிக்கலாம். இப்ப எல்லாக் குரூப்பும் அப்பிடித்தான்."

"அப்ப நான்?"

"நீ இருந்து கேளன். கேக்கவும் ஆள் வேணுந்தானே."

சிரித்தபடிதான் சொன்னார். பகிடி மாதிரி. அந்தப் பகிடியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் தின்றேன். எனக்கு எஞ்சின் வேலை இருக்கிறது. வாசிக்காவிட்டால் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் கிழமை முழுக்க எண்ணெயிலும் உப்பிலும் கிடக்கிற மனிதனுக்குச் சனிக்கிழமை ஒரு நாள் நேராக நிற்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம் போகப் பார்த்தது. தூக்கக்கூடிய ஒரு பெட்டி கிடைத்தால் அது போகாது. இதுதான் கதை, வேறொன்றும் இல்லை.

பாரம் குறைந்த பேஸ் பெட்டிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் போனேன். இசைக்கருவிக் கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு பழைய ஸ்பீக்கரையும் புதிய ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துக் காட்டினார். பழையதின் முதுகில் ரொட்டிக்கல் அகலத்துக்குக் கறுப்புக் காந்தம். புதியதின் காந்தம் என் பொத்திய கைக்குள் அடங்கியது. நியோடிமியம் என்று ஒரு வகை. பெயரைக் கேட்டுச் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டேன். பலகையும் வேறு. தட்டினால் முற்றிய தேங்காய் மாதிரிச் சத்தம், தூக்கினால் கோது மாதிரிப் பாரம்.

மூன்று பெட்டி வைத்து வாசித்துப் பார்த்தேன். முதலாவதில் பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு. குரல் கூர்மை. விரல் கிட்டார் நரம்பை விட்டு எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஆனால் பதினேழு கிலோ. இரண்டாவதில் பதினைந்து அங்குலம் ஒன்று. வயிறு பெருத்த சத்தம், நல்ல சத்தம், ஆனால் வேகமான பாட்டுக்கு ஓடி வராது, நான் அடுத்த அடிக்குப் போன பிறகும் முந்திய அடியை இழுத்துக்கொண்டு நின்றது. த்ரீவீல் ஆட்டோவுக்குள்ளும் போகாது. மூன்றாவது ஒற்றைப் பன்னிரண்டு அங்குலம். பதின்மூன்று கிலோ. தடித்த நரம்பைத் தட்டினேன். என் காற்சட்டை ஆடியது.

கடைக்காரர் என் கையைப் பிடித்துப் பெட்டியின் பின்னால் கொண்டுபோனார். அங்கே வயர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் துளை. "இப்ப அடிங்க" என்றார். அடித்தேன். உள்ளங்கையில் காற்று வந்து மோதியது, பூனை மூச்சு விடுகிற மாதிரி. "கீழ்ச் சத்தத்தில பாதி இதாலதான் வருது அண்ண. இதுக்கு முன்னால சாமான் ஒண்டும் வைக்காதீங்க."

எனக்குச் சொல்லப்பட்டது. உள்ளங்கையால் தொட்டும் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வாசித்தபோது அலுமாரிக்குள் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. உங்கள் அம்மா ஓடிவந்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டா. "ஐயோ, இவ்வளவு சின்னதிலயா இவ்வளவு?" என்றா. ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். அதையும் எழுத வேண்டும்.

மாமா பார்க்க வந்தார். இரண்டு விரலால் கைபிடியைத் தூக்கினார், இறக்கினார்.

"என்ன மச்சான், பேக்கரிப் பாண் பெட்டியா?"

"வாசிச்சுக் காட்டட்டா?"

"வாசிக்கத் தேவையில்ல. பாரமில்லாத மீனில எங்க இறைச்சி? கையில எடுத்தாலே தெரியுந்தானே."

எங்கள் கரையில் எல்லாருக்கும் இந்தப் புத்திதான். மீனைக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தே பழகியவர்கள், எதையும் ஏந்திப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள், மனிதனையும். கடைசியில் மாமா ஒரு தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோவில் வளவில் இரண்டு பெட்டியையும் வைத்துக் கேட்பது. நான் எந்தப் பெட்டியில் வாசிக்கிறேன் என்று பார்க்காமல் எல்லாரும் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பது. வெல்லுகிற பெட்டி திருநாளுக்கு. பழையது வென்றால் நான் அதைத் தூக்க வேண்டும், அல்லது கீபோர்ட்.

ஓம் என்றேன். கோப்பை கிணுகிணுத்ததை நான் கேட்டவன் அல்லவா?

அன்றைக்குக் கச்சான் காற்று பேய் மாதிரி அடித்தது. மணல் எழும்பிக் கண்ணைக் குத்தியது. பெட்டியை வேலைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு த்ரீவீலுக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் என் கை அந்த வேலையைச் செய்தது. என் கை என்றுதான் எழுதுவேன், ஏனென்றால் புத்தி அங்கே இருக்கவில்லை. எங்கள் தொழிலில் எஞ்சினை மணலில் கிடத்த முன், தெரிகிற ஓட்டைக்கெல்லாம் துணி அடைப்போம். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் எஞ்சின் முடிந்தது. இருபது வருடப் பழக்கம். கொட்டில் வாசல், காற்று, மணல், ஓர் ஓட்டை. எண்ணெய்த் துணி ஒன்றைச் சுருட்டி, பெருவிரலால் உள்ளே தள்ளி இறுக்கினேன். அந்த நேரம் த்ரீவீல் வந்தது. ஏற்றினேன். மறந்துபோனேன்.

த்ரீவீல் ஓட்டுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான், நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன். சின்ன வயதில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, நுரைச்சோலைப் பக்கம் குடியிருக்கிறவர். அவர்தான் பெட்டியை இறக்கிவைக்க உதவினார். மாமா, "வயரை நான் குத்திறன், கள்ள வேலை வேண்டாம்" என்று சொல்லி, தானே பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து வயரைக் குத்தினார்.

முதலில் பழைய பெட்டி. சத்தம் மணலுக்குள்ளால் வந்து குதிக்காலில் ஏறியது. பிறகு என்னுடையது. அதே பாட்டு, அதே விரல். தகரப் பேணியில் தட்டுகிற மாதிரி வந்தது. டொக், டொக். அடி இல்லை. நான் ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழைத் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். டொக், டொக்.

கடலைப் பார்த்து நின்ற டிரம்ஸ்காரர் திரும்பாமலே, "ரெண்டாவது என்னது, ரேடியோவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாடுகிறவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"காத்துப் பெட்டி" என்றார் மாமா. "உள்ளுக்கு ஒண்டுமில்ல. நான் சொன்னனான்."

எனக்குக் கண் இருண்டது. "நீ ஆம்பில ஏதோ செய்திருக்கிறாய். நேற்று வீட்டில கோப்பை ஆடினது. உன்ர தங்கச்சியக் கேள்."

"கோப்பை ஆடுறதுக்குப் பெட்டி வேணுமா? அவள் நடந்தாலே ஆடும்."

மறுபடியும் சிரிப்பு. வீட்டுப் பொம்பிளையை இழுத்தது எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன சொற்களை இங்கே எழுத மாட்டேன். கோவில் வளவில் சொல்லக்கூடாத சொற்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கத்தாத. திருநாளுக்குப் பழைய பெட்டி. தூக்கிறதெண்டா தூக்கு, இல்லாட்டி விடு."

தூக்கினேன். அதுதான் என்னுடைய இரண்டாவது மடத்தனம். ஐம்பத்தெட்டுக் கிலோவைத் தனியாக, கோபத்தோடு, எல்லாரும் பார்க்க. முழங்கால் வரைக்கும் வந்தது. பிறகு நான் மணலில் கிடந்தேன். இடது காலை யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வானத்தில் பருந்து ஒன்று காற்றுக்கு எதிராக அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, என் கோபத்தில் ஒரு துளிகூடக் குறையாமல் கிடந்தேன்.

நானாதான் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. நீங்கள் இரண்டு பேரும் அந்த மூன்று கிழமையும் என் முதுகுக்கு எண்ணெய் பூசியது ஞாபகம் இருக்கும். நாலாம் நாள் நானா பெட்டியைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், இதுட முதுகுல என்னத்தையோ அடைச்சீக்கி. இது இப்பிடியே ஈக்கணுமா?"

இரண்டு விரலை விட்டு இழுத்தார். எண்ணெய்த் துணி. பெரியவனுடைய கிழிந்த சேர்ட்டின் கை. நானே வெட்டி வேலைக் கொட்டிலில் போட்டது.

சுவரில் தலையை இடிக்கலாம் என்றால் அதற்கும் முதுகு விடவில்லை. நானாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை விரித்துப் பார்த்து, மறுபடியும் சுருட்டினார்.

"இத உங்களுக்குச் செல்லாம ஈக்கலாம் மாஸ்டர். ஆனா கேட்டுட்டு எப்பிடி செல்லாம ஈக்கிற? லீடர் இதக் கண்டாரு."

"எத?"

"இந்தத் துணிய. வயர் குத்தக்குள்ள கிட்டவே குனிஞ்சு நிண்டாரே. விரலால ஒருக்காத் தொட்டும் பாத்தாரு. நான் பக்கத்துலதான் நிண்டேன். உங்கட வேல, நீங்க வேணுமெண்டு அடைச்சீக்கி எண்டு நெனச்சேன். வல்லாஹி, எனக்கு இதப் பத்தித் தெரியாது."

நானாவை நான் நம்பினேன். அவருக்குத் தெரியாது. ஆனால் மாமாவுக்குத் தெரியும். அவர் கட்டிய பெட்டியில் முன்னால் இரண்டு துளை, அவரே அளந்து வெட்டியவை. ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் யாரோ அந்தத் துளைக்கு முன்னால் சோடாப் பெட்டி வைத்ததற்கு அந்த மனிதன் எழும்பிய எழும்பலை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அம்மா நம்பவில்லை. "அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டார்" என்றா. ஒரு நாளில் ஐந்து தரம் சொன்னா. ஐந்தாம் தரம் சத்தம் குறைந்திருந்தது.

மறு ஞாயிறு மாமா பிஸ்கட்டும் ஆரஞ்சுத் தோடம்பழமும் கொண்டு பார்க்க வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் துணியை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன்.

"இதக் கண்டனியா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதைமட்டும் ஒத்துக்கொள்கிறேன். "கண்டன்" என்றார். "நீ மெக்கானிக். நீ அடைச்சா ஏதும் காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்."

"தொட்டும் பார்த்தனி."

"தொட்டன்."

"சத்தம் செத்துப்போய் வரக்குள்ள?"

மாமா தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

நானாவும் இதே காரணத்தைத்தான் சொன்னார். ஒரே சொல், இரண்டு வாய். ஒரு வாயில் அது உண்மை. மற்ற வாயில் பாதிதான் உண்மை. அந்தப் பாதி உண்மைதான் என்னைக் கொல்லுகிறது. முழுப் பொய் என்றால் அடித்து முடித்திருப்பேன். ஒருவன் தன் பிழையால் தோற்றுப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது கள்ளம் இல்லை என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது கள்ளம்தான்.

பெரியவனிடம் கிட்டாரை எடுத்துத் தரச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா மகன்? வயரை நீதான் குத்தினாய். படுத்த படுக்கையில், கிட்டாரை நெஞ்சில் கிடத்தி, தடித்த நரம்பை ஒருதரம், ஒரே ஒருதரம் தட்டினேன். அலுமாரிக் கோப்பை எல்லாம் ஆடின. மாமாவின் கையில் இருந்த தோடம்பழச் சுளை நடுங்கியது. அது பெட்டியாலா கையாலா என்று எனக்குத் தெரியாது. அம்மா குசினி வாசலில் நின்று தன் அண்ணனைப் பார்த்தா.

மாமா எழும்பினார். சுளையைத் தட்டில் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "திருநாளுக்குக் கீபோர்ட்டக் கதைச்சாச்சு மச்சான். இனி மாத்த ஏலாது."

"நல்ல சத்தம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். திருநாளை அவர்களே வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் வழி இருக்கவில்லை. சொன்னால் ஐம்பத்தெட்டுக் கிலோவும் வெறும் பாரமாகிவிடும்.

திருநாள் அன்று காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது இடது கை பேஸ் கேட்டது. பிழை சொல்ல ஒன்றுமில்லை. சனம் ஆடியிருக்கும். இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கீபோர்ட் வயர் நேரே பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகிறதாம், பேஸ் பெட்டியே தேவையில்லையாம். ஐம்பத்தெட்டுக் கிலோ இப்போது மாமாவின் வள்ளக் கொட்டிலில் ஃபைபர் வாளி வைக்கிற மேசையாக இருக்கிறது. எதற்காக என் இடது காலில் இன்றைக்கும் இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இப்போது சிலாபத்துக் குழு ஒன்று கூப்பிட்டால் போகிறேன். எல்லாக் கிழமையும் இல்லை. ஒரு கையில் கிட்டார், மற்றக் கையில் பதின்மூன்று கிலோ. அங்கே யாரும் பாரம் கேட்பதில்லை. ஆனால் எங்கள் கோவில் வளவில் நான் பிறகு வாசிக்கவில்லை. பூசைக்குப் போவேன், மாமா நிற்கிற பக்கம் நிற்க மாட்டேன். சமாதானம் சொல்லுகிற இடத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுக்கப் பாதிரிச் சுவாமி சொல்லும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதைச் சின்னவள் கண்டிருக்கிறாள். அது பிழை என்று வேதபாடத்தில் படித்திருப்பாய். பிழைதான். எனக்கு இன்னும் ஏலவில்லை.

ஆகவே சின்ன மகள், நேற்று அந்தத் துளைக்குள் துணியைக் கண்டதும் நான் கண்டது உன்னை இல்லை. என் கையைக் கண்டேன், அதற்குப் பிறகு மாமாவின் விரலைக் கண்டேன். நீ பல்லிக்காக அடைத்தாய், நான் மணலுக்காக அடைத்தேன். இரண்டும் ஒரே வேலை. உன்னில் கத்த எனக்கு உரிமை இல்லை. நேற்று நான் பெட்டியைத் திருப்பிப் பார்க்க முன் பெரியவன் அதற்குப் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். மகன், நீ அந்தக் காலுறையைக் கண்டாயா? கண்டிருந்தால் அடுத்தமுறை சொல்லிவிடு. நான் கத்துவேன், கத்தட்டும் என்று சொல்லிவிடு.

காலுறையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஒன்றுதான் இருந்தது. துளைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டேன், மற்றது அங்கே இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம், தேடி எடு.